ஆபீஸிலிருந்து நாலு பேர்

வண்டியின் பின்கதவைத் திறக்கப் போன டிரைவரின் கையைப் பெரியவர் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்க. ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க வரணும்."

"பதினோரு மணின்னு சொன்னீங்க ஐயா. இப்பவே பதினொண்ணேகால் ஆயிடுச்சு."

"வந்துடுவாங்க. மொத்தம் நாலு பேரு. அதுல ஒருத்தங்க அம்மா, அவங்களை விட்டுடுங்க. மூணு ஆம்பளைங்க, எங்க மாப்பிள்ளையோட சேர்த்தா நாலு. தூக்கறதுக்கு நீங்க சிரமப்பட வேண்டாம்."

டிரைவர் வாசலை ஒருமுறை பார்த்தார். பக்கத்து வீட்டுத் தையல்காரரும் அவர் மனைவியும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான் கூட்டம். இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர். இனி இங்கே யாரும் வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் போய் எஞ்சினை அணைத்தார்.

நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்த மகன் அப்படியே சரிந்தான். நாற்பத்தொரு வயது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா கல்யாணமாகிப் போய், அம்மாவும் போன பிறகு வீட்டில் அப்பாவும் அவனும்தான். அக்காவும் மாப்பிள்ளையும் நேற்றே வந்துவிட்டார்கள். மற்றச் சொந்தக்காரர்கள் எல்லாம் விமானம் ஏறி வரவேண்டிய தூரத்தில் இருந்தார்கள். போனில் அழுதார்கள், வைத்துவிட்டார்கள். கூட்டம் இல்லாத சாவு பெரியவரை உறுத்தியது. அதனால்தான் ஆபீஸ்காரர்களை அப்படி எதிர்பார்த்தார்.

அந்தக் கம்பெனியை மகன் ஏழு வருஷத்துக்கு முன்னால் தொடங்கினான். என்ன தொழில் என்று அப்பாவுக்குப் புரியவைக்க அன்றைக்கு அவன் படாத பாடு பட்டான். "பெரிய வீடு ஒண்ணைப் பிடிச்சு, உள்ளே தடுத்துத் தடுத்து வாடகைக்கு விடற மாதிரிப்பா. வீடுன்னா இங்க ஒரு பெரிய கம்ப்யூட்டர். ஒரே மெஷினை முப்பதா பிரிச்சுக் கொடுப்பேன். குடி வர்ற ஒவ்வொருத்தரும் முழு வீடும் தன்னோடதுன்னு நினைச்சுக்கலாம். அதுக்குப் பேர்தான் விர்ச்சுவல் சர்வர்." மெஷின்கள் ஏதோ ஒரு ஊரில் குளிரூட்டிய கட்டடத்தில் இருக்கும். இவன் மூன்றாவது மாடியில் ஓர் அறை பிடித்து அங்கிருந்து அவற்றைப் பார்த்துக்கொள்வான். லிஃப்ட் இல்லாத கட்டடம். பெரியவரின் முழங்காலுக்கு அந்தப் படிகள் ஆகாது. அவர் ஒருநாளும் அங்கே போனதில்லை.

"கூட எத்தனை பேரு?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் அறுபது பேரை வேலை வாங்கிய ஃபோர்மன் அவர்.

"இப்போதைக்கு நான் மட்டும்தான்பா."

"ஒத்தை ஆள் நடத்தறது கம்பெனியாடா? அதுக்குப் பேரு பெட்டிக்கடை."

அடுத்த மாதமே மகன் வந்து ஓர் அம்மாவை வேலைக்குச் சேர்த்திருப்பதாகச் சொன்னான். வாடிக்கைக்காரர்களிடம் பேசுவது அவர் வேலை. பிறகு ஒரு சீனியர் வந்தார், கொஞ்சம் முன்கோபி. பிறகு ராத்திரிக்காரர். கடைசியாக, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்கிற பேக்கப்காரர், பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். சாப்பிடும்போது மகன் இவர்கள் கதையைச் சொல்லச் சொல்ல, பெரியவருக்கு விட்டுப்போன பட்டறையே திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. "ராத்திரிக்காரருக்கு இருமல் தேவலையா?" என்று விசாரிப்பார். "சீனியரை ரொம்பச் சீண்டாதே, வேலைக்காரனுக்குக் கோபம் இருக்கத்தான் செய்யும்" என்று யோசனை சொல்வார்.

அந்த நாலு பேருக்கும் செய்தி போயிற்றா என்பதுதான் இப்போது அவர் கவலை. கம்பெனி நம்பரை எடுத்துத் தன் போனிலிருந்து அழைத்தார்.

"வணக்கம். புதிய சர்வர் வாங்க ஒன்றை அழுத்தவும். தொழில்நுட்ப உதவிக்கு இரண்டை அழுத்தவும். இரவு நேர அவசரத்துக்கு மூன்றை அழுத்தவும்." மகளின் குரல். தம்பி கேட்டான் என்று ஏழு வருஷத்துக்கு முன் அவள் பதிந்து கொடுத்தது.

பெரியவர் இரண்டை அழுத்தினார். வீட்டுக்குள்ளே யாருடைய போனோ அடித்தது.

"யாருது அது? எடுத்துப் பேசுங்களேன், சாவு வீட்டுல இப்படி அலறுதே" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டுவிட்டு, அழைப்பைத் துண்டித்தார். உள்ளே சத்தம் நின்றது. மறுபடி அழைத்து மூன்றை அழுத்தினார். உள்ளே அடித்தது. ஒன்றை அழுத்தினார். அப்போதும் அடித்தது. நாற்பது வருஷம் மெஷின்களோடு கிடந்தவர். எந்தப் பட்டனை அழுத்தினால் எது சுற்றுகிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என்றாலும் இன்னொரு தடவை இரண்டை அழுத்திப் பார்த்தார்.

மகள் வெளியே வந்தாள். கையில் தம்பியின் போன். அது அடித்துக்கொண்டிருந்தது. திரையில் 'அப்பா' என்று இருந்தது.

"போதும்பா."

"சீனியர் எடுக்க மாட்டேங்கறாரும்மா."

"சீனியர்னு யாரும் இல்லப்பா. எல்லாம் அவன்தான்."

"அந்த அம்மா?"

"அதுவும் அவன்தான்."

"ராத்திரிக்காரர்?"

மகள் தலையை ஆட்டினாள். நாலாவது ஆளைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"குரல் பதிஞ்சப்பவே கேட்டேன். ஒத்தை ஆளுன்னா யாரும் நம்பி வரமாட்டாங்க, நாளைக்கு நீ செத்துப்போனா எங்க சர்வர் என்ன ஆகும்னு கேட்பாங்கன்னு சொன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்."

"சரி, அவங்ககிட்ட சொன்னான். என்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

மகள் போனை அணைத்தாள். அவள் சொல்லித் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. பெட்டிக்கடை என்ற அந்தச் சொல்லைப் பெரியவர் அன்றைக்கே மறந்துவிட்டிருந்தார். அவன் மறக்கவில்லை.

"கதவைத் திறங்க" என்றார் டிரைவரிடம்.

மாப்பிள்ளை பாடையின் ஒரு முனையைப் பிடித்தார். தையல்காரர் எழுந்து வந்து இன்னொன்றைப் பிடித்தார். டிரைவர் யாரும் கேட்காமலே மூன்றாவது முனைக்கு வந்தார். நாலாவதுக்கு ஆள் இல்லை. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். "அப்பா, உங்க கால்" என்று மகள் பதறினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாசலிலிருந்து வண்டிக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். பெற்றவன் தோள் கொடுக்கிற வேலையா இது என்று ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சு கேட்டது. முழங்கால் வலித்ததா என்பது அவருக்கு நினைவில்லை.

போன இடத்தில் வேலை அரைமணியில் முடிந்தது.

பிற்பகலில் மகள் தம்பியின் லேப்டாப்பைத் திறந்துகொண்டு அவன் கட்டிலில் உட்கார்ந்தாள். இதே தொழில் செய்யும் ஒருவர் வாடிக்கைக்காரர்களை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்திருந்தார். அதைச் சொல்லி இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரு கடிதம் அனுப்பினாள். 'நிறுவனத்தை நடத்திவந்தவர் நேற்றுக் காலமானார்' என்று முதல் வரி. வேறு யாரும் இல்லை என்று அவள் எழுதவில்லை.

பெரியவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவங்களை எனக்குக் காட்டு."

"யாரைப்பா?"

"ஆபீஸ் ஆளுங்களை."

வாடிக்கைக்காரர் ஒருவர் அனுப்பிய புகாரை மகள் திறந்தாள். பதில்களின் அடியில் பெயர் இருக்காது. சீனியர், பேக்கப் என்று வேலையை மட்டும் போடுவது அந்தக் கம்பெனி வழக்கம். பதில்களுக்கு நடுவே மஞ்சள் கட்டங்களில் வேறு சில வரிகள் இருந்தன.

"இது என்ன மஞ்சளா?"

"ஆபீசுக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கற குறிப்புப்பா. வாடிக்கைக்காரங்க கண்ணுக்குத் தெரியாது."

பெரியவர் குனிந்து படித்தார்.

'சீனியர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மூன்றாவது தடவையாகக் கேட்கிறார். கோபப்படாமல் பதில் எழுதுங்கள்' என்றிருந்தார் அந்த அம்மா.

'எனக்கு எப்போது கோபம் வந்தது?'

'போன வெள்ளிக்கிழமை' என்று எழுதியிருந்தார் பேக்கப்காரர்.

'சண்டை வேண்டாம். எல்லாரும் போய்ப் படுங்கள். நான் இருக்கிறேன்' என்று முடித்திருந்தார் ராத்திரிக்காரர்.

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேக்கப்காரர் பேசினால் இப்படித்தான் பேசுவார். இன்னும் நாலைந்து புகார்களைத் திறக்கச் சொன்னார். எல்லாவற்றிலும் மஞ்சள் கட்டங்கள் இருந்தன. ஒன்றில் அந்த அம்மா எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லியிருந்தார். மூன்று பேரும் தனித்தனியாக நன்றி சொல்லியிருந்தார்கள்.

"இதையெல்லாம் யாரு படிப்பாங்க?"

"யாரும் படிக்க முடியாதுப்பா. உள்ள இருக்கறவங்க மட்டும்தான்."

நேற்றுக் காலையிலிருந்து வராத அழுகை பெரியவருக்கு அப்போதுதான் வந்தது. குலுங்கிக் குலுங்கி அழுதார். மகள் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். பிள்ளை பொய் சொன்னான் என்ற வருத்தம் அவருக்கு இல்லை. தன்னிடம் சொன்ன பொய்யில் அவனே போய்க் குடியிருந்திருக்கிறான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

லேப்டாப் மணி அடித்தது. பதில்கள் வரத் தொடங்கியிருந்தன. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருடையதுதான் முதலில் வந்தது. மகள் வாய்விட்டுப் படித்தாள்.

'ஆழ்ந்த அனுதாபங்கள். உங்கள் முதலாளியோடு எனக்குப் பழக்கம் இல்லை. இரவுப் பணியில் இருப்பவரைத்தான் தெரியும். போன வருஷம் என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தூக்கம் வராமல், ஒன்றுமில்லாத சந்தேகங்களை எல்லாம் எழுதிக் கேட்பேன். அவரும் சலிக்காமல் பதில் போடுவார். முதலாளியின் அப்பா தன்னைப் பற்றித் தினமும் விசாரிப்பதாக ஒருமுறை பெருமையாக எழுதியிருந்தார். அந்த இரவுப் பணியாளருக்கு வேறு யாரும் இல்லை என்று எனக்குத் தோன்றும். கடைசியாக முகம் பார்க்க வந்தாரா? ஏதாவது சாப்பிட்டாரா? அவரைத் தனியாக விடாதீர்கள்.'

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னப்பா எழுத? உண்மையைச் சொல்லிடவா?"

பெரியவர் திரையருகே நகர்ந்து உட்கார்ந்தார்.

"வந்தாருன்னு எழுது. எல்லாரும் வந்திருந்தாங்கன்னு எழுது."

மகள் எழுதினாள்.

"சாப்பிட்டாரான்னு கேட்டிருக்காரு."

"இன்னும் இல்லை, நான் பார்த்துக்கறேன்னு எழுது."

அதையும் எழுதி அனுப்பினாள். அடுத்த கடிதம் சீனியருக்கு வந்திருந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"படி" என்றார்.