தீயில்லாத கொதிப்பு

சனிக்கிழமை மாலை நாலே காலுக்குக் கரண்ட் வந்தது. பாண்டியம்மாள் ஓடிப்போய் ஒர்க்‌ஷாப் கதவைத் திறந்துவிட்டுக் கணவனைக் கூப்பிட்டாள்.

மறுநாள் ஆராதனையில் திருவிருந்து. போன ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் பெற்றவள் அவள். இந்த முறை திராட்சரசம் உன் வீட்டிலிருந்து வரட்டும் என்று ஆயர் சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஓடைப்பட்டியில் பன்னீர் திராட்சை வாங்கிப் பிசைந்து, ஜாடியில் போட்டாள். துணியால் வாய் கட்டினால் போதும் என்றார்கள். அவளுக்கு எறும்புப் பயம். உத்தமபாளையத்தில் பக்கத்து வீட்டார் பிரியாணிக்குத் தம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள். மைதாவைப் பிசைந்து மூடியைச் சுற்றி அப்பிவிட்டாள். நொதித்து எழுந்த வாயு போக வழியில்லாமல் ரசத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

இத்தனை வருஷம் சபைக்கு ரசம் கொடுத்த கஸ்தூரியம்மாள் அன்று காலையில் வந்து ருசி பார்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

"ஏத்தா, சோடாவாட்டம் நாக்கைச் சுர்ருங்குது. நாளைக்குச் சபை மொத்தமும் ஏப்பம் விடும். பேசாம நான் காய்ச்சி வச்சிருக்கதக் கொண்டாரேன்."

பாண்டியம்மாள் பகல் முழுக்கக் கரண்டியால் கலக்கினாள். தோள் இற்றுப்போனது. சுருசுருப்புப் போகவில்லை.

அவள் கணவன் ஞானதுரை ஏ.சி. மெக்கானிக். குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும் பம்ப் அவனிடம் இருந்தது. கெட்டிக் கண்ணாடி ஜாரில் பாதிக்கு ரசத்தை ஊற்றினான். மூடியில் புது டியூபைப் பொருத்திப் பம்போடு இணைத்தான்.

"தள்ளி நில்லு. கண்ணாடி தாங்கலேன்னா தெறிச்சிரும்."

"ரசம் கெட்டிருமா?"

"காத்தத்தான எடுக்கேன். ஒன் ரசத்த எவன் எடுத்தான்?"

பம்ப் உறுமியது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு அடியிலிருந்து ஒரு குமிழி புறப்பட்டது. அதன் பின்னால் இன்னொன்று. சட்டென்று ஜார் முழுவதும் பொங்கியது. கருஞ்சிவப்பு ரசம் உலை போலத் தளதளத்தது. நுரை டியூபின் வாய்வரை ஏறியது. ஞானதுரை டியூபின் வால்வை மூடினான், இறங்கியது. திறந்தான், மறுபடி ஏறியது.

சொன்னதை மறந்து பாண்டியம்மாள் கிட்டே போனாள். ஜாரில் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. அவளால் கையை எடுக்க முடியவில்லை.

"சுடுதா?"

இல்லை என்று தலையசைத்தாள். அவனும் கை வைத்தான். அவன் குரல் இறங்கியது.

"எத்தன ஏ.சி.க்கு இந்தப் பம்பப் போட்டிருக்கேன். இத நானும் இப்பத்தான் பாக்கேன்."

குமிழிகள் சிறுத்தன. நின்றன. ரசம் அசையாமல் கிடந்தது. அவன் பம்பை நிறுத்தினான். பாண்டியம்மாள் ஒரு வாய் குடித்தாள். சுருசுருப்பு இல்லை. துவர்ப்பு, இனிப்பு, அவ்வளவுதான்.

"கஸ்தூரியம்மாட்டச் சொல்லிரவா? நம்மளதே இருக்கட்டும்னு?" என்று ஞானதுரை கேட்டான்.

அவள் ஜாரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கு ஆயரய்யா இதக் கையில எடுத்து, கர்த்தரோட ரத்தம்னு சொல்லிக் குடுப்பாக. இப்ப இதுக்குள்ள இருந்து எந்திரிச்சுப் போச்சே, அது என்னங்க?"