எட்டாம் கயிறு

அவித்த முட்டைகளை இஷ்பெல் தோலுரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மணி எட்டு இருபது. கையைத் துணியில் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"இஷ்பெல், அன்ஷோ பேசறேன். பயப்படாதே, சின்னச் சிக்கல்தான். கிடங்குல உங்க சரக்கு மட்டும் நிக்குது."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஏத்துமதித் தாள்ல கையெழுத்து உங்கப்பாவோடது. தேதி செவ்வாய்க்கிழமை போட்டிருக்கு." அன்ஷோ கொஞ்சம் தயங்கினார். "அவர் போனது சனிக்கிழமை. இங்க தாளைப் பாக்கற பொண்ணு சாவு அறிவிப்பைப் பேப்பர்ல படிச்சிருக்கா. செத்தவர் கையெழுத்து செல்லாதுங்கறா."

இஷ்பெல் கண்ணை மூடிக்கொண்டாள். ஆறு வருஷமாக அப்பாவின் கையெழுத்தை அவள்தான் போட்டு வருகிறாள். லாக்லன் மக்காஸ்கில் என்று எழுதி, கடைசி எழுத்தில் ஒரு வால் இழுப்பது வரை அவரைவிட அவளுக்கு நன்றாக வரும். செவ்வாய்க்கிழமையும் கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது. பக்கத்து அறையில் பெட்டிக்குள் அவர் கிடந்தார். அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

"உன் பேர்ல புதுசா ஒண்ணு எழுதி அனுப்பு," என்றார் அன்ஷோ. "ஒன்பது மணிக்குள்ள வந்துட்டா சரக்கைப் பாக்கற டாக்டர் முதல்ல நம்மளதைப் பாத்துடுவார். தாள் முடியற வரைக்கும் பேர் போட்ட டிரைவர் வண்டியை விட்டு நகரக் கூடாது, அதான் இங்க சட்டம். முடிஞ்சதும் வண்டியை மத்தவன்கிட்ட குடுத்துட்டு, காரை எடுத்துட்டு நேரா வந்துடறேன். மூணு மணி நேரம்தானே. ஒரு மணி அடக்கத்துக்குத் தாராளமா வந்துடுவேன்."

"பத்து நிமிஷத்துல அனுப்பறேன்."

"கறுப்புச் சட்டை இஸ்திரி போட்டு எடுத்துட்டு வந்திருக்கேன்," என்றார். "அட்டையும் பைல இருக்கு."

அட்டையில் எட்டு என்று போட்டிருக்கும். அதை உறையில் வைத்துக் கிடங்கு விலாசத்துக்குத் தபாலில் போட்டதும் அவள்தான்.

அந்தக் கரையில் பெட்டியைக் குழியில் இறக்குவதற்கு எட்டுக் கயிறு, எட்டுப் பேர். தலைமாட்டில் யார், கால்மாட்டில் யார் என்று முன்கூட்டியே முடிவு செய்து ஆளுக்கொரு எண் அட்டை கொடுத்துவிடுவார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிடாததைக்கூட அந்த ஊர்க்காரர்கள் மன்னித்துவிடுவார்கள். கயிறு வராததைப் பேரன் காலம் வரை சொல்லிக் காட்டுவார்கள். பெண்களுக்குக் கயிறு கிடையாது. முன்பெல்லாம் இடுகாட்டுக்கே வரமாட்டார்கள். இப்போது வருகிறார்கள், பின்னால் நிற்கிறார்கள்.

லாக்லன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தன் எட்டுப் பேரைத் தானே எழுதினார். வேறு காகிதம் கிடைக்கவில்லை. இஷ்பெல் பையில் கிடந்த, பிழையாகிப்போன ஏற்றுமதித் தாள் ஒன்றின் பின்புறத்தில் எழுதினார். முதல் கயிறு தம்பி முர்டோவுக்கு. பிறகு படகுத்துறை ஆட்கள் ஆறு பேர். எட்டாவது இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. இஷ்பெல் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகன் இல்லை, அவள் ஒரே பிள்ளை. இறால் பிடிக்கும் கூண்டு தூக்கியிருக்கிறாள், படகு ஓட்டியிருக்கிறாள். தாள் வேலை வந்த பிறகு ராத்திரி பகல் பாராமல் அதையும் பார்த்திருக்கிறாள். வழக்கம் கிழக்கம் என்று பார்க்கிற மனிதர் இல்லை அவர். தன் பெயரைத்தான் எழுதப்போகிறார் என்று நினைத்தாள்.

அன்ஷோ என்று எழுதினார்.

"அன்ஷோவா? அவரோட பேசியே ஆறு வருஷம் ஆச்சேப்பா."

"அவன் வரணும்," என்றார் லாக்லன். "தாளு கீளு என்னவா இருந்தாலும் நீ பாத்துக்க."

பத்தொன்பது வருஷம் செவ்வாயும் வெள்ளியும் அன்ஷோவின் லாரி ஸ்பெயினிலிருந்து அந்தத் துறைக்கு வந்துபோனது. உயிரோடு இருக்கும் இறாலை ஏற்றிக்கொள்வார், இவர்கள் வீட்டுச் சமையலறையில் சூப் குடிப்பார், லாரியிலேயே தூங்கிவிட்டு விடியுமுன் கிளம்பிவிடுவார். அந்த ஊரில் இறாலை யாரும் தின்பதில்லை, பிடிப்பதோடு சரி. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நாடு விலகலாமா என்று வாக்கெடுப்பு வந்தபோது, விலகத்தான் வேண்டும் என்று லாக்லன் படகில் கொடி கட்டினார்.

"எங்க கடல், எங்க மீனு. இனிமே எவன்கிட்டயும் கையைக் கட்டிட்டு நிக்கவேண்டியதில்ல."

"கடலும் உன்னுது, மீனும் உன்னுது லாக்லன்," என்று அன்ஷோ சூப்பை ஊதிக்கொண்டே சொன்னார். "அதைத் திங்கற வாயி எங்க ஊர்ல இருக்கு. அதை என்ன பண்ணப்போற?"

அப்போது எல்லோரும் சிரித்தார்கள், லாக்லனும்தான்.

விலகிய பிறகு வந்த முதல் ஜனவரியில் அன்ஷோவின் லாரி நான்கு நாள் துறைமுகத்தில் நின்றது. ஏற்றுமதித் தாளில் ஒரு பக்கத்து முத்திரையின் மை நிறம் சரியில்லையாம். ஏற்றிய அத்தனை இறாலும் செத்தது. அன்ஷோ போன் செய்து, "நீ ஓட்டுப் போட்டது வந்துடுச்சுப்பா, எடுத்துக்க," என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். லாக்லன் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு லாரி துறைக்கு வருவதே நின்றுபோனது. சரக்கெல்லாம் தெற்கே ஒரு கிடங்குக்குப் போய், பெட்டி பெட்டியாகக் கால்நடை டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கடல் தாண்டும். "இறாலுக்கு மாட்டு டாக்டரா?" என்று லாக்லன் கத்தினார். தாளைக் கையால் தொடமாட்டேன் என்றுவிட்டார். பதினான்கு பக்கம். இஷ்பெல் நிரப்பினாள்.

தப்புப் பண்ணிவிட்டேன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டியிடம்கூட. எட்டாம் கயிறுதான் அந்தச் சொல் என்பது இஷ்பெலுக்குத் தெரியும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அன்ஷோவின் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்துக் கூப்பிட்டாள். "எட்டா? எனக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. லாக்லன் கடலுக்கடியில் பெட்டியில் உயிரோடு போட்டு வைத்திருந்த கடைசி இறாலை முர்டோ தூக்கிக் கிடங்குக்கு அனுப்பினார். அதை ஏற்றிப் போகும் வேலையை அன்ஷோ கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது அந்த இறால்தான் நிற்கிறது.

இஷ்பெல் கணினியைத் திறந்தாள். சரக்குக்காரர் பெயர் என்ற இடத்தில் அப்பாவை அழித்துத் தன் பெயரை அடித்தாள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கலாம். கையெழுத்துப் போட்டு அனுப்ப ஐந்து நிமிஷம்கூட ஆகாது. குளிர்பெட்டிக் கதவில் காந்தத்துக்குக் கீழே அப்பாவின் பட்டியல் தொங்கியது. எட்டுப் பெயர். மறுபடி படித்தாள். உள்ளே ஒரு கோபம் கிளம்பியது. தோசைக்கல் சூடாவதுபோல மெதுவாகத்தான், ஆனால் விடாமல் ஏறியது. ஆறு வருஷம் பதினான்கு பக்கம் நிரப்பியவளுக்கு ஒரு முழம் கயிறு கிடையாதா?

கணினியை மூடினாள். ரொட்டிக் கத்தியை எடுத்தாள்.

முட்டை சாண்ட்விச் முடித்தாள். பன்றி இறைச்சி வைத்தது முடித்தாள். பாலாடைக்கட்டியை ஆரம்பித்தாள். ஓரம் வெட்டி, முக்கோணமாக நறுக்கி, தட்டில் வரிசையாக அடுக்கினாள். சுவர்க் கடிகாரம் அவளுக்கு நேர் எதிரேதான் இருந்தது. மறந்துவிட்டேன் என்று பிற்பாடு சொல்ல வழியில்லை, அவள் மறக்கவில்லை.

அம்மா பெக்கி கறுப்பு உடுப்பில் வந்து நின்றாள். "யாருக்குடி இத்தனை? ஊரே வந்தாலும் மிஞ்சும்."

"இருக்கட்டும்மா."

"போன் அடிச்சுதே, யாரு? அன்ஷோவா? வரானாம்மா?"

"வரேன்னுதான் சொன்னார்."

"வரட்டும். அந்த மனுஷன் உள்ளுக்குள்ள அவனை நினைச்சு எத்தனை நாள் புழுங்கியிருப்பாரு," என்று சொல்லிவிட்டு அம்மா தலை சீவப் போனாள்.

இஷ்பெல் கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு கையெழுத்திட்டு அனுப்பினாள். மணி ஒன்பது இருபது.

கோயிலில் பாட்டும் ஜெபமும் நடந்தன. இஷ்பெல் ஒரு முறைகூடக் கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாதான் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மணிக்கு இடுகாட்டில் மழை தூற ஆரம்பித்தது. கடலை ஒட்டிய மணல் மேடு. குழியின் ஓரம் சரியாதிருக்கப் பலகை போட்டிருந்தார்கள். அடக்க ஏற்பாடு செய்யும் கல்லம் கடிகாரத்தைப் பார்த்தார், பாதிரியாரைப் பார்த்தார், பிறகு இஷ்பெலிடம் வந்தார்.

"இன்னும் பத்து நிமிஷம் பாக்கலாமா?"

அரை மணி நேரம் என்று கேட்டிருந்தால் அரை மணி நேரம் நின்றிருப்பார்கள். அப்பாவுக்காக அந்த ஊர் மழையில் நிற்கும்.

"அம்மா நனையறாங்க," என்றாள் இஷ்பெல். "ஆரம்பிச்சுடுங்க."

கல்லம் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒன்று. முர்டோ தலைமாட்டில் போய் நின்று கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். இரண்டு, மூன்று. ஒவ்வொருவராகப் போய் நின்றார்கள். ஏழு.

"எட்டு."

கால்மாட்டில் இடப்பக்கம் ஒரு கயிறு குஞ்சத்தோடு பெட்டிமேல் சுருண்டு கிடந்தது. யாரும் அசையவில்லை.

"எட்டு," என்றார் கல்லம் மறுபடி, குரலைத் தாழ்த்தி.

"ஆறாம் நம்பர் ரெண்டையும் சேத்துப் பிடிச்சுக்கட்டும்," என்றார் முர்டோ. "அந்த ஆளு வரப்போறதில்ல. நான்தான் அப்பவே சொன்னேனே."

இஷ்பெல் முன்னால் வந்தாள். ஈர மணலில் குதிகால் புதைந்தது. குனிந்து கயிற்றை எடுத்தாள்.

"இஷ்பெல்," என்றார் முர்டோ.

"சொல்லுங்க சித்தப்பா."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. ஒரேயடியா விட்டுடாதே, கொஞ்சம் கொஞ்சமா விடு."

பெட்டிக்கு அடியில் குறுக்கே கிடந்த பலகைகளை உருவினார்கள். பாரம் கைக்கு வந்தது. கூண்டுக் கயிறு மாதிரி சொரசொரப்பு இல்லை; வழுவழுவென்று நழுவியது. அப்பா இறங்கிக்கொண்டிருந்தார். இஷ்பெலுக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தது, வேறு எந்தப் பெயரும் அதற்குச் சொல்ல முடியாது. அடியில் மணலில் தட்டியதும் எட்டுப் பேரும் கயிற்றை உள்ளே போட்டார்கள். அவள் கடைசியாகப் போட்டாள்.

மண்வெட்டிகள் பாதிக் குழியை நிரப்பியிருந்தபோது ஒரு சின்னக் கார் வாசலில் வந்து நின்றது. அன்ஷோ இறங்கி ஓடி வந்தார். அறுபது வயது ஆள், கறுப்புச் சட்டைக்குப் பித்தான் எட்டவில்லை. குழியைப் பார்த்ததும் ஓட்டம் நடையானது. பிறகு நின்றார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மழை அவர் வழுக்கைத் தலையில் விழுந்தது. முர்டோ போய் அவர் தோளைத் தொட்டு, ஒரு மண்வெட்டியைக் கையில் கொடுத்தார். கடைசிப் பிடி வரைக்கும் அன்ஷோ மண் தள்ளினார்.

ஊர்க் கூடத்தில் தேநீரும் விஸ்கியும் சுற்றின. அம்மா அன்ஷோவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன் பேரைத்தான் எழுதி வச்சாருப்பா," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "தெரியும் பெக்கி, தெரியும்," என்றார் அவர். பிறகு நீள மேசையருகே வந்தார். இஷ்பெல் அங்கே தட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"கயிறை நீதான் பிடிச்சியாமே."

"ஆமா."

"நல்லது." அன்ஷோ சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். மழையில் எட்டின் மை கலைந்திருந்தது. அதை மேசைமேல் அவள் பக்கமாக வைத்தார். "தாள் ஒன்பது இருபதுக்கு வந்துச்சு. டாக்டர் அதுக்குள்ள அடுத்த வண்டிக்குப் போயிட்டார். திரும்பி வந்து கையெழுத்துப் போட ஒரு மணி நேரம் ஆயிடுச்சு."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள், யாரோ அடக்கினார்கள்.

"நான் சாண்ட்விச் வெட்டிட்டு இருந்தேன்," என்றாள் இஷ்பெல்.

அன்ஷோ மேசையைப் பார்த்தார். ஆறு தட்டு. இரண்டில்தான் கை வைத்திருந்தார்கள். மீதி நாலிலும் முக்கோணங்கள் வரிசை கலையாமல் அப்படியே இருந்தன. ஓரங்கள் காய ஆரம்பித்திருந்தன. அவர் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நிதானமாகப் பார்த்துக்கொண்டு போனார். பிறகு ஒன்றை எடுத்துக் கடித்தார். மெதுவாக மென்றார்.

"நிறைய வெட்டியிருக்கே," என்றார்.

இன்னொன்று எடுத்துக்கொண்டார்.