தூரமோ, கிட்டவோ

காலை ஒன்பதே காலுக்கு என் மனைவி பத்மாவதி குடையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். நான் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "தூரமோ?" என்று கேட்டேன். "கிட்டத்தான்," என்றாள். எங்கள் வீட்டில் பயணப் பேச்சு அவ்வளவுதான்.

புறப்படுகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்டால் போன காரியம் சரிவராது. தூரமோ என்று வேண்டுமானால் கேட்கலாம். மீசாலையில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மற்றவர்கள் வாய் தவறிக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நான் சிரிக்கிற ஆள் இல்லை. முப்பத்தொரு வருடம் கிராம சேவையாளராக இருந்தவன்; ஒழுங்கு என்றால் ஒழுங்கு. போன வருடம் காணி வழக்கு ஒன்றுக்குப் புறப்பட்டபோது, பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் வேலிக்கு மேலால் எட்டி, "எங்கையண்ணை?" என்றாள். நான் திரும்பி வந்து தண்ணீர் குடித்து, கதிரையில் கால் மணி நேரம் இருந்துவிட்டுத்தான் போனேன். வழக்குத் தவணை போட்டுத் தள்ளிப்போனது. அன்று பின்னேரம் நான் அவளுக்குக் கொடுத்த பேச்சு எங்கள் ஒழுங்கையில் கடைசி வீடு வரைக்கும் கேட்டது. கல்யாணம் கட்டி முப்பத்தாறு வருடத்தில் என் மனைவியிடம் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

பத்து மணிக்கு அறைக்குள் அவளுடைய போன் அடித்தது. சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போயிருக்கிறாள். நான் எடுத்தேன்.

"பத்மாவதி அம்மாவோ?" என்றது ஒரு பெண்பிள்ளையின் குரல்.

"அவவின்ரை மனுசன் கதைக்கிறன்."

"ஐயா, நேற்று அம்மா எங்கடை லாப்பிலை இரத்தம் குடுத்தவா. பொட்டாசியம் கடுமையாக் கூடிக் கிடக்கு. உடனை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி டொக்டர் சொல்லுறார்."

"உடனை எண்டால்?"

"இப்ப, ஐயா. இந்த அளவிலை இதயம் சடாரெண்டு நிண்டு போகலாம். கனக்க நடக்க விடாதேங்கோ. அம்மா பக்கத்திலையோ?"

"வெளியிலை போயிட்டா."

"எங்கை?"

"தெரியாது."

"உங்கடை மனுசி எங்கை எண்டு உங்களுக்குத் தெரியாதோ, ஐயா?"

வேறொரு நாளென்றால் அந்தப் பிள்ளைக்கு நல்ல பாடம் படிப்பித்திருப்பேன். அன்றைக்குப் போனை வைத்தேன். எங்கே போனாள் என்பது கிடக்கட்டும். அவள் இரத்தம் கொடுத்ததே எனக்குத் தெரியாது. எதற்காகக் கொடுத்தாள் என்பதும் தெரியாது.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். சட்டையின் பொத்தான்களை மாறிப் பூட்டினேன். செருப்பில் ஒன்று அகப்படவில்லை. அவளுடைய போனில் யாருடைய இலக்கமாவது இருக்கும் என்று திறக்கப் பார்த்தால், அது நாலு எண் கேட்டது. பிறந்த வருடத்தைப் போடுவோம் என்று நினைத்தேன். அறுபத்திரண்டா, அறுபத்துமூன்றா என்பதில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டையும் போட்டேன். இரண்டும் பிழை. போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலிக்கு ஓடினேன்.

"சின்னத்தங்கம், இவ போனதைக் கண்டனீரோ?"

"ஓமண்ணை. ஸ்ரேசன் பக்கம் நடந்து போனவா."

"எங்கை எண்டு கேக்கேல்லையோ?"

சின்னத்தங்கம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நானோ? உங்கட்டை வாங்கின பேச்சு போதாதெண்டு பிறகும் கேக்கிறதோ?"

அவள் சொன்னதில் ஒரு சொல் பிழையில்லை. நான் சைக்கிளை எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் இப்போது சின்ன றெயில் ஓடுகிறது. பேப்பரில் அதற்குப் பெரிய பெயர் போடுவார்கள்; சனம் சின்ன றெயில் என்றுதான் சொல்லும். நாவற்குழி வெளியில் மூன்று மாடியில் ஒரு கடைத்தொகுதி எழும்பியபோது அதற்காகவே விட்டது. கொடிகாமத்திலிருந்து இரண்டு பெட்டி நாவற்குழி வரைக்கும் வரும். அங்கே இறங்கி, ஆயத்தமாக நிற்கிற மற்றப் பெட்டியில் மாறி ஏற வேண்டும். அது கடைத்தொகுதி வாசலில் நின்றுவிட்டு யாழ்ப்பாணம் டவுனுக்குப் போகும். திறந்து ஐந்து மாதம். நான் ஒருநாளும் ஏறியதில்லை. சாமான் வாங்கக் கொடிகாமம் சந்தை இருக்கும்போது குளிரூட்டிக்குள் போய்க் கத்தரிக்காய் வாங்குகிறவனுக்கு விசர் என்பது என் கட்சி.

மீசாலை ஸ்ரேசனில் ரிக்கற் கொடுக்கும் சுபாஸ் எனக்குத் தெரிந்த பொடியன். அவனுடைய பிறப்புப் பதிவுக்குக் கையெழுத்து வைத்தவனே நான்தான்.

"அன்ரியோ? ஒன்பதரை றெயிலிலை போனவா. கடைத்தொகுதிக்குத்தான். செவ்வாயும் வியாழனும் போறவாதானே," என்றான்.

"ஆர், இவவோ? கிழமையிலை ரெண்டு நாளோ?"

"ஓம். றெயில் விட்ட நாள் துவங்கி."

செவ்வாயும் வியாழனும் கோயிலுக்குப் போகிறாள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானாகவே நினைத்துக்கொண்டேன். சொன்னால் வெட்கம், அந்தப் பதகளிப்புக்குள்ளும் எனக்குக் கோபம் வந்தது. கண்டவுடன் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கினேன். அடுத்த நிமிடம், கண்டால் போதும் பிள்ளையாரே, உயிரோடு கண்டால் போதும் என்று கும்பிட்டேன்.

பத்து இருபத்தைந்துக்கு றெயில் வந்தது. சாவகச்சேரியில் நின்றது, நின்றதுதான். கொழும்பு றெயில் எதிரே வருகிறதாம், அது போன பிறகுதான் எடுப்பார்களாம். எனக்கு முன்னால் இரண்டு பெட்டைகள் ஒரு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழும்பிக் கதவடிக்குப் போனேன். திரும்பி வந்து இருந்தேன். மறுபடியும் எழும்பிப் போனேன்.

"தம்பி, என்ரை மனுசிக்குக் கடும் வருத்தம். எடும்!" என்று றெயில் கார்டைப் பார்த்துக் கத்தினேன்.

"ஐயா, ஒரு தண்டவாளம்தானே கிடக்கு. நான் எடுத்தால் எல்லாரும் சாவம்," என்றான் அவன் தணிந்த குரலில்.

பன்னிரண்டு நிமிடம். ஒவ்வொரு நிமிடமும் அவள் எங்கோ ஒரு படியில் ஏறுவதும், நெஞ்சைப் பிடிப்பதும், சனம் சுற்றி நிற்பதும் கண்ணுக்கு முன் வந்தது. அவளுடைய முகத்தை நினைக்கப் பார்த்தேன். காலையில் என்ன நிறச் சேலை உடுத்திருந்தாள் என்று நினைவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தால்தானே நினைவிருக்கும்.

நாவற்குழியில் றெயில் நிற்கும்போதே மாறி ஏற வேண்டிய பெட்டி புறப்பட்டுவிட்டது. அதன் பின்பக்கத்தைத்தான் கண்டேன். அடுத்தது இருபது நிமிடம் கழித்து என்றார்கள். கடைத்தொகுதி வெயிலில் பளிச்சென்று கண்ணுக்கு முன்னே தெரிகிறது. நான் தண்டவாளத்துக்குப் பக்கத்தால் நடக்கத் தொடங்கினேன். நடந்தேன் என்பது பொய். அறுபத்தெட்டு வயதில் ஓடினேன். கடற்காற்று எதிர்த்தடித்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிற என்னைத் தெருவில் போன லொறிக்காரன் ஒருவன் கோர்ன் அடித்துப் பகிடி பண்ணினான்.

உள்ளே போனால் குளிர், பாட்டு, வாசனை, மூன்று மாடிச் சனம். எங்கே என்று தேடுவது? விசாரிக்கும் மேசைக்குப் போய், "பத்மாவதி சீவரத்தினம் எண்டு கூப்பிடுங்கோ. மீசாலை எண்டும் சொல்லுங்கோ," என்றேன். கூப்பிட்டார்கள். அவளுடைய பெயர் அந்த மூன்று மாடியிலும் ஒலித்தது. ஒருவரும் வரவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டார்கள். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

ஓடும் படியில் ஒரு பெண் அவசரமாக இறங்கி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் ஏப்ரன், கழுத்தில் சின்னச் சிலுவை.

"பத்மா அன்ரியைத் தேடுறது ஆர்?"

"நான் அவவின்ரை மனுசன்."

"அங்கிளோ? நான் ஜெனிற்றா. மேலை தேத்தண்ணிக் கடை. இரத்த றிசல்ற் வந்திட்டுதோ? என்னவாம்?"

எனக்குத் தெரியாத இரத்தம் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. சொன்னேன். அவளுடைய முகம் மாறியது. ஒரு கேள்வியும் கேட்காமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே போனாள்.

மேல்மாடிக் கண்ணாடியோரம் ஒரு வாங்கில் பத்மா உட்கார்ந்திருந்தாள். கீழே சின்ன றெயில் வந்து போவது அங்கிருந்து தெரியும். மஞ்சள் சேலை. செருப்பைக் கழற்றியிருந்தாள். பாதம் இரண்டும் வீங்கி, செருப்பு வார் கிடந்த இடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. என்னைக் கண்டதும் பயந்து எழும்பப் பார்த்தாள்.

"என்னப்பா? ஆருக்கு என்ன?"

"உமக்குத்தான். இரும், எழும்பாதேயும்," என்றேன். அடுக்கி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"என்ரை பேரைக் கூப்பிட்டவை. கேட்டது. எழும்ப ஏலாமல் கிடந்தது," என்றாள்.

ஜெனிற்றா அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தாள். இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். "அங்கிள், இப்ப ஒரு பெட்டி வருது. டவுனுக்குப் பதினாலு நிமிசம். அதுதான் கெதி," என்றாள். காவல்காரர் இருவர் சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள். கடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு ஜெனிற்றாவும் ஏறினாள். வராதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் வந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

பெட்டிக்குள் பத்மா கண்ணை மூடிக்கொண்டு ஜெனிற்றாவின் தோளில் சாய்ந்திருந்தாள். நான் எதிரே இருந்து அவளுடைய நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தரம் கொஞ்சம் நேரமெடுத்து ஏறியது.

"இவ அங்கை வந்து என்ன செய்யிறவா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒண்டுமில்லை. ஒரு பிளேன்ரீ குடிப்பா. கதைப்பா." ஜெனிற்றா தயங்கினாள். "முதல் நாள் நான், எங்கை அன்ரி போயிட்டு வாறியள், இனி எங்கை போறியள் எண்டு கேட்டனான். எங்கடை மானிப்பாய் வீட்டிலை எங்கை எண்டு கேட்டு, ஜெபம் பண்ணித்தான் ஆளை அனுப்புறது. அன்ரி அழுதிட்டா. நான் பிழையாக் கேட்டிட்டன் எண்டு பயந்து போனன். பிறகு சொன்னா, தன்னை ஒருத்தரும் உப்பிடிக் கேக்கிறேல்லையாம்."

யன்னலுக்கு வெளியே உப்பு வெளி ஓடியது.

பெரியாஸ்பத்திரியில் அவளை நேரே உள்ளே எடுத்தார்கள். நெஞ்சில் வயர்களைப் பூட்டினார்கள். ஓர் இளம் டொக்டர் பிள்ளை கடதாசியில் வந்த இதயத் துடிப்புக் கோட்டைப் பார்த்து, உடனே ஊசி போடச் சொன்னாள். பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"கால் எப்ப துவங்கி வீங்கினது?"

நாங்கள் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்.

"மாசி மாசம் துவங்கி, டொக்டர். வலது கால்தான் முதல்," என்றாள் எனக்குப் பின்னால் நின்ற ஜெனிற்றா.

"சிறுநீர் போறது குறைவோ?"

"மூண்டு கிழமையாக் குறைவு எண்டு சொன்னவா. அதாலைதான் இரத்தம் குடுக்கச் சொல்லி நான் துரத்தினனான்."

"என்ன குளிசை பாவிக்கிறவா?"

"பிறசருக்கு ஒண்டு," என்றேன் நான், எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றை முந்திக்கொண்டு.

"அதோடை முழங்கால் நோவுக்கு பார்மசியிலை தானே வாங்கிப் போடுறவா. ஒரு நாளைக்கு மூண்டு, சிலநாள் நாலு. இரவிலை நோவிலை முனகினால் இவரின்ரை நித்திரை குழம்பும் எண்டு," என்று சொல்லிவிட்டு ஜெனிற்றா என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தாள்.

டொக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "அதுதான். அந்தக் குளிசைதான் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கு. சொன்னது நல்லதாப் போச்சு, இல்லாட்டி நாங்கள் காரணம் தேடித் திரிஞ்சிருப்பம். நேரத்துக்குக் கொண்டந்திட்டியள். ஊசிக்குக் கோடு திருந்துது. இண்டைக்கு இரவு மட்டும் பயம்தான், பாப்பம்." பிறகு ஜெனிற்றாவிடம், "நீங்கள் மகளோ?" என்று கேட்டாள்.

"இல்லை. தேத்தண்ணிக் கடை."

டொக்டரின் கண் என் பக்கம் வந்தது. "அப்ப நீங்கள்?"

இவ்வளவு நேரமும் போனிலும் மேசையிலும் சத்தமாகச் சொன்ன சொல்தான். இப்போது குரலைத் தாழ்த்தி, "மனுசன்," என்றேன்.

அவள் என் பெயரைக் கேட்டு, தாளின் அடியில் பொறுப்பாளர் என்ற இடத்தில் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு ஜெனிற்றாவின் பக்கம் திரும்பி, "சொல்லுங்கோ, வேறை என்ன தெரியும்?" என்றாள். கட்டிலின் தலைமாட்டில் நின்ற நான், ஜெனிற்றா கிட்ட வந்து நிற்கட்டும் என்று ஒதுங்கி இடம் விட்டேன்.