கேட்டால் வரும் தெரு

அந்த நகரத்தில் யாராவது கேட்டு, யாராவது வழி சொன்னால்தான் தெரு வரும். அதுவரை ரயில் நிலையமும் அதன் வாசலில் கொஞ்சம் வெயிலும் மட்டும்தான்.

சொரிமுத்து காலையில் வந்து இறங்கினான். வெயிலைப் பார்த்ததும் அவனுக்குக் குஷி பிறந்துவிட்டது. இதற்கு முன் இரண்டு ஊர்களில் நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்த்தவன். பகலெல்லாம் தூங்கினான். அந்த ஊர்களில் என்ன இருந்தது என்று கேட்டால் கூரையும் மின்விசிறியும் என்பான். போன மாதம் பாதி ஷிப்டில் எழுந்து வெளியே வந்தவன் திரும்பிப் போகவில்லை. இனிமேல் எந்த ஊராக இருந்தாலும் பகலில் பார்ப்பது என்று முடிவு.

ஒரே ஒரு சிக்கல். அன்று மாலை ரயிலில் அவன் மனைவி கோமதி வருகிறாள். வீடு பார்த்தாயிற்று என்று போனில் சொல்லியிருந்தான். பார்க்கவில்லை. முந்தைய இரண்டு ஊர்களிலும் இப்படித்தான் சொன்னான். இரண்டிலும் அவள் பெட்டியைத் தலைக்கு வைத்துக்கொண்டு மில்லின் பஞ்சுக் கிட்டங்கியில் படுத்தாள். இந்த முறை தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"வீடு இல்லன்னா நான் ரயில விட்டு எறங்க மாட்டேன். அதே ரயில்ல திரும்பிருவேன். பெறகு நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

"வீடு இருக்கு கோமு. காத்து பிச்சுக்கிட்டுப் போகுது."

"காத்து இருக்கும். வீடு இருக்கா?"

"இருக்கு."

நிலைய வாசலில் ஒரு பூக்காரி உட்கார்ந்திருந்தாள். சொரிமுத்து அவளிடம் போனான்.

"அக்கா, குடியிருக்கத் தோதான ஏரியா எங்க இருக்கு?"

அவள் நிமிரவில்லை. "நேராப் போ. டீக்கடை வரும். சோத்தாங்கைப் பக்கம் திரும்பு. கண்ணாடிப்பேட்டை."

அவள் சொல்லச் சொல்ல அவன் காலடியிலிருந்து தார்ச்சாலை பாய் மாதிரி விரிந்து ஓடியது. அதன் கோடியில் ஒரு டீக்கடை வந்து நின்றது. பால் ஏற்கெனவே பொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா! ரோடு இப்பத்தான் வந்துச்சு!"

"பின்ன? கேக்காம வருமா? ஊருக்குப் புச்சா?"

"ஆமா."

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. உன்னாண்ட யாராச்சும் வழி கேட்டா, தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாத."

"சொன்னா?"

"என் தங்கச்சி வூட்டுக்காரர் சொன்னாரு. அன்னிலேந்து மேலண்டைத் தோட்டம்னு ஒண்ணு இல்ல. என் தங்கச்சி அங்கதான் இருந்துச்சு." அவள் அடுத்த பூவை எடுத்து முடிச்சுப் போட்டாள்.

கண்ணாடிப்பேட்டையில் எல்லா வீடுகளும் முதல் மாடியில் இருந்தன. கீழே ஒன்றுமில்லை. வீடுகளுக்கு அடியில் ஆட்டோக்கள் போய் வந்தன. சொரிமுத்து அண்ணாந்து பார்த்தபடி நடந்தான். வாய் மூடவில்லை. பால்கனியில் ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"சார், கீழ் போர்ஷன் காலியா இருக்கா?"

"கீழ் போர்ஷனே கிடையாது. மேல நாங்க இருக்கோம்."

"படியக் காணோமே. எப்படி ஏறுவீங்க?"

"எறங்கினாத்தானே ஏறணும்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அவரிடமே அடுத்த ஏரியாவுக்கு வழி கேட்டான். அவர் பிரஷை நீட்டிக் காட்டினார். அந்தத் திக்கில் தபால்காரர் காலனி வந்தது.

தபால்காரர் காலனியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டுக்கு வீடு கறிக்குழம்பு கொதித்தது. கைலி கட்டிய ஆண்கள் ஒரே பேப்பரின் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். வீடு காலியாக இருந்தது. நல்ல வீடு. வீட்டுக்காரர் சாவியைக்கூடக் காட்டினார்.

"திங்கக்கெழமை வந்து வாங்கிக்கங்க. ஞாயித்துக்கெழமை நாங்க எந்தக் காரியமும் பண்றதில்ல."

"திங்கக்கெழமை எப்ப வரும்?"

"பக்கத்துத் தெருவுல ஒரு தடவை வந்ததாச் சொன்னாங்க. நாங்க பாக்கல." அவர் ஒரு நல்லி எலும்பைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார். சொரிமுத்து அதை உறிஞ்சிக்கொண்டே அடுத்த ஏரியாவைக் கேட்டான். இப்படி ஒரு ஊர் இருப்பது தெரியாமல் இத்தனை வருஷம் தூங்கித் தொலைத்தோமே என்றிருந்தது.

அடுத்தது புறநகர். பாக்கியவதி நகர் எக்ஸ்டென்ஷன். கலர் கொடிகள், வெள்ளையடித்த மனைக்கற்கள், வீடு எதுவும் இல்லாத குறுக்குத் தெருக்கள். முகப்பில் காவலாளி வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"கடைசி மனை காலி சார். போய்த் தொட்டுட்டா உங்களுதுதான்."

"எங்க இருக்கு?"

"அதோ. ஓடுங்க."

சொரிமுத்து ஓடினான். அவன் ஒரு வரிசையைத் தாண்டினால் அப்பால் இன்னொரு வரிசை முளைத்தது. கொடிகள் அவனைவிட வேகமாகப் போயின. அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. காவலாளியும் கூடவே ஓடினார்.

"நீங்க தொட்டிருக்கீங்களா அண்ணாச்சி?"

"எங்கப்பா கிட்டத்துல போயிட்டாரு. அப்பறம் எக்ஸ்டென்ஷனுக்கு எக்ஸ்டென்ஷன் விட்டுட்டாங்க."

வெயில் சாய்ந்திருப்பதைச் சொரிமுத்து அப்போதுதான் பார்த்தான். ரயில் ஞாபகம் வந்தது. காவலாளி நிற்காமல் ஓடிப் போனார். இவன் மட்டும் திரும்பினான்.

முகப்பில் சைக்கிளில் கேஸ் சிலிண்டர் கட்டிய ஒரு ஆள் காலை ஊன்றி நின்றிருந்தார்.

"சார், கற்பூரக்கார வீதிக்கு எப்படிப் போகணும்?"

சொரிமுத்துவுக்குத் தெரியாது. ஆனால் அவன் ஊரில் வழி கேட்டவரிடம் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. திக்குத் தெரியாவிட்டாலும் ஒரு திக்கைக் காட்டித்தான் அனுப்புவார்கள்.

"நேராப் போங்க. தண்ணித்தொட்டி ஒண்ணு வரும். அதை ஒட்டிப் பீச்சாங்கைப் பக்கம்."

தூரத்தில் ஒரு தண்ணீர்த்தொட்டி எழுந்தது. ஒழுகிக்கொண்டே எழுந்தது. அதன் விளிம்பில் காக்கைகள் உட்கார்ந்திருந்தன.

சொரிமுத்துவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "அங்கன ஒரு பஸ் ஸ்டாப்பும் உண்டு," என்றான். பஸ் ஸ்டாப் வந்தது. பஸ் இன்னும் வரவில்லை என்று அதில் இரண்டு பெண்கள் எரிச்சலோடு நின்றார்கள்.

அதன்பிறகு வருகிறவர் போகிறவர் எல்லாம் அவனிடம் கேட்டார்கள். அவன் வாரி வழங்கினான். சலூன் கொடுத்தான். மாவு மில் கொடுத்தான். குளத்தோடு ஒரு பூங்கா கொடுத்து, குளத்தில் வாத்து விட்டான். ஒரு கல்யாண மண்டபம் கொடுத்தபோது உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. ஒரு ஏரியாவே ஆகிவிட்டது. அதில் எல்லோருக்கும் வீடு இருந்தது. அவனுக்கு இல்லை. அவன் வீடு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவனை யாருக்குத் தெரியும்?

பஸ் ஸ்டாப் அருகே ஆட்டோவை நிறுத்திவிட்டு ஒருவர் காது குடைந்துகொண்டிருந்தார். காக்கிச் சட்டையில் தவமணி என்று தைத்திருந்தது.

"தவமணியண்ணே, சொரிமுத்து வீடு எங்கன்னு என்கிட்டக் கேளுங்க."

"யாரு சொரிமுத்து?"

"நான்தான்."

"உன் வூடு எங்கன்னு உனுக்குத் தெரியாதா?"

"அப்படிச் சொல்லக்கூடாதாமே."

"சர்தான். சொரிமுத்து வூடு எங்கபா?"

"அந்தா, மாவு மில்லுக்குப் பின்னால!"

மாவு மில்லுக்குப் பின்னால் தோள் அகலத்தில் ஒரு சந்து வந்தது. கோடியில் மொட்டைச் சுவர். 'இங்கே சிறுநீர் கழிக்காதே' என்று எழுதியிருந்தது. அதன் கீழ் ஒரு நாய் கழித்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா? போவணும்னு நெனச்சுக் கேக்கணும். சொம்மா கேட்டா சந்துதான் வரும்."

"என் வீட்டுக்கு வரணும்னு உங்களுக்கு ஆசையே இல்லையா?"

"எனுக்கு என் வூட்டுக்கே போவ ஆசை இல்ல."

ரயில் கூவியது. தவமணியின் ஆட்டோவிலேயே சொரிமுத்து நிலையத்துக்கு விரைந்தான்.

கோமதி இறங்கவில்லை. ரயில் பெட்டியின் வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற கையில் டிரங்குப் பெட்டி. இஞ்சின் மறுகோடியில் மாட்டப்பட்டுவிட்டது.

"வீடு எங்க இருக்கு?" என்றாள்.

அன்று முழுக்க அவனிடம் யாரும் எதையும் இவ்வளவு உண்மையாகக் கேட்கவில்லை. பிளாட்பாரம் லேசாக அதிர்ந்தது.

"நேராப் போயி, பூங்காவைத் தாண்டி, சோத்தாங்கைப் பக்கம்."

"மாடியா?"

"மாடிதான்."

"தண்ணி எப்ப வரும்?"

"எந்நேரமும்."

"அடுப்படியில சன்னல் உண்டுமா?"

"ரெண்டு சன்னல்."

நிலையத்து மதிலுக்கு அப்பால் ஒரு கூரை எட்டிப் பார்த்தது. கோமதி கண்ணைச் சுருக்கினாள்.

"அந்தா தெரியுதே, அதா? ஓட்டு வீடுல்லா?"

"மாடின்னேனே."

ஓடுகள் போய் மொட்டைமாடி வந்தது. கொடியில் துணி காய்ந்தது.

"மாறுதே," என்றாள்.

"புது வீடு. அப்படித்தான் இருக்கும்."

அவள் வெகுநேரம் அவனைப் பார்த்தாள். பிறகு ஒரு காலை இறக்கினாள். மறு காலையும் இறக்கினாள். ரயில் அவளில்லாமல் போனது.

ஆட்டோவில் சொரிமுத்துவுக்கு நிலைகொள்ளவில்லை. வாத்தைக் காட்டினான். பந்தியைக் காட்டினான். பூங்காவைத் தாண்டியதும் ரோடு நின்றது. தவமணி இஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கம்மா?"

"சோத்தாங்கை..." என்று ஆரம்பித்தான் சொரிமுத்து.

"உன்னக் கேக்கல. அம்மாவக் கேட்டேன். யாரைக் கேட்டனோ அவங்கதான் சொல்லணும்."

கோமதி தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறவள். கல்யாணத்தன்று சம்மதமா என்று கேட்டதற்கும் அதைத்தான் சொன்னாள். இப்போது வாயைத் திறந்தாள். தண்ணீர்த்தொட்டியின் காக்கைகள் பறந்தன. மொட்டைமாடியின் ஒரு மூலை வானமாகிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்ற பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

கோமதி வாயை மூடினாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தவமணியிடம் கேட்டாள்.

"இவரு எந்தப் பக்கம் சொன்னாரு?"

"சோத்தாங்கைப் பக்கம்."

"அப்பம் பீச்சாங்கைப் பக்கம் திருப்புங்க. எனக்கு நல்லாத் தெரியும்."

இடது பக்கம் ரோடு வந்தது. சொரிமுத்து கொடுத்த எந்த ரோட்டையும்விட அகலமாக இருந்தது. ஓரத்தில் சாக்கடை மூடியிருந்தது. கோமதி பேசிக்கொண்டே வந்தாள். அவள் சொன்ன மருந்துக்கடை வந்தது. காய்கறிக்கடை வந்தது. அசையாமல் வந்தன. கடைசியில் ஒரு வீடு வந்தது. மாடி இல்லை.

ஆட்டோ நிற்குமுன் கோமதி இறங்கினாள். பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் போன இடத்தில் சுவர் இருந்தது. பிறகு ஒரு சன்னல் திறந்தது. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கடுகு வெடித்தது.

சொரிமுத்து வீட்டைச் சுற்றி வந்தான். மறுபடியும் சுற்றி வந்தான். சன்னலுக்குக் கீழே நின்றான்.

"கோமு, வாசல் எங்க இருக்கு?"

அவன் இதுவரை யாரிடமும் எதையும் இவ்வளவு உண்மையாகக் கேட்டதில்லை.

கோமதி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"இருங்க. யோசிச்சுச் சொல்லுதேன்."

அவன் தெருவில் நின்றான். தெரு ரொம்ப நன்றாக இருந்தது.