சும்மா வைத்திருந்தாலும் இறங்கும் பேட்டரி

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. புகைப்படக்காரர்களுக்கென்று வரும் மாத இதழின் பொறுப்பாசிரியை தொலைபேசியில் அழைத்து, கேமரா ஃப்ளாஷுக்கு ரீசார்ஜ் பேட்டரியும் சார்ஜரும் எப்படிப் பார்த்து வாங்குவது என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். எனக்கும் கேமராவுக்கும் காத தூரம். இருந்தாலும் மாட்டேன் என்று சொல்லிப் பழகாத வாய் இது, சரி என்றுவிட்டது. விவரம் தெரிந்தவர்களை நச்சரித்தேன். கடை கடையாக ஏறி இறங்கினேன். பிறகு உட்கார்ந்து இப்படி ஆரம்பித்தேன்:

"வெளிச்சம் இல்லாத இடத்தில் வெளிச்சத்தைப் படைக்கும் கலைஞனுக்கு—"

போதும் என்று நானே நிறுத்திக்கொண்டேன். பேட்டரி விஷயத்துக்கு இவ்வளவு பந்தா ஆகாது. இரண்டாவது முறை அடக்கமாகத் தொடங்கினேன்:

"ஒரு ஃப்ளாஷுக்கு நான்கு பேட்டரிகள் வேண்டும். அந்த நான்கையும் பிரிக்காமல் ஒன்றாகவே சார்ஜ் செய்து, ஒன்றாகவே போட்டு, ஒன்றாகவே எடுக்க வேண்டும். அண்ணி அப்படித்தான் செய்வாள்."

கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு விழித்தேன். எந்த அண்ணி? எனக்கு அண்ணியே கிடையாது.

2

அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவள் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். கையில் நகப்பூச்சுப் புட்டி. ஒரு நான்கு பேட்டரிகளுக்குச் சிவப்புப் பொட்டு, இன்னொரு நான்குக்குப் பச்சை, மூன்றாவது நான்குக்கு ரோஸ். செட்டு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. வீட்டில் யாராவது சுவர்க் கடிகாரத்துக்கு இதிலிருந்து ஒன்றை உருவினால் தொலைந்தார்கள்.

நாற்பதைத் தாண்டியவள். கணவர் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி நாள் கடலில். கணவரின் தங்கை புகைப்படக்காரி; கல்யாணம், பிறந்தநாள், அலுவலக விழா என்று எல்லாவற்றுக்கும் படம் எடுப்பவள். ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த அண்ணியை, கூட வாங்க என்று இழுத்து வந்தது அந்த நாத்தனார்தான். மண்டபத்தில் இரண்டாவது ஃப்ளாஷைக் கம்பத்தில் மாட்டி, நாத்தனார் மோவாயால் காட்டும் திசையில் பிடித்துக்கொண்டு நிற்பது அண்ணி. பேட்டரிப் பையும் அவள் பொறுப்பு.

(அவளுக்குப் பெயர் வைத்துப் பார்த்தேன். அந்தப் பெயரில் யார் கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. மாப்பிள்ளை, சமையல்காரர், அவளைவிட மூத்த பெரியவர்கள்கூட அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.)

ஒருமுறை நாலு பேர் முன்னால் நாத்தனார், பேட்டரியைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, அண்ணி இருக்காங்க என்று சொன்னாள். சொன்னவள் அடுத்த நிமிடமே மறந்திருப்பாள். அண்ணி மறக்கவில்லை. இத்தனை வருடத்தில் அவளைப் பற்றி யாரும் அப்படி ஒன்றும் சொன்னதில்லை.

[கட்டுரைக்காகச் சேர்த்தது வீணாகக் கூடாது என்பதால் ஒரு பக்கக் குறிப்பு: நான்கில் ஒன்று சோர்ந்தாலும் மற்ற மூன்றையும் கீழே இழுத்துவிடும். ஜோடி ஜோடியாக ஏற்றும் மலிவு சார்ஜருக்கு எது சோர்ந்தது என்று தெரியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே கவனித்து, நிறைந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும் சார்ஜராகப் பார்த்து வாங்கவும். இதைக் குடும்பத்தோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதினேன். நன்றாகவே வந்தது, அதனால்தான் அழித்தேன்.]

3

இப்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். இதற்கு மேல் தள்ளிப்போட எனக்குச் சாக்கு இல்லை.

ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தார்கள். எழுந்திருக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மகள் குனிந்து அவர் கையைப் பிடித்தபோது, மனிதர் யாரும் எதிர்பாராமல் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்துவிட்டார். எழுந்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். இரண்டு மூச்சு நேரம் இருக்கும், மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

நாத்தனார் சரியான இடத்தில் நின்றாள், சரியான நேரத்தில் அழுத்தினாள். ஃப்ளாஷ் எரியவில்லை. உள்ளே அது கொசு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது, தயார் விளக்கு வரவேயில்லை. அண்ணியின் கையிலிருந்த இரண்டாவது ஃப்ளாஷுக்கும் அதே கதி. ஒருவழியாக ஃப்ளாஷ் தயாராவதற்குள் அவர் தண்ணீர் கேட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். கேமராவில் ஒரு கறுப்புச் சதுரம் மட்டும் பதிந்திருந்தது.

~~அடுத்த வாரமே அந்த அப்பா~~

இல்லை. முதல் பிரதியில் அவரைச் சாகடித்தேன். வாசகர் கண்ணில் நீர் வரவழைக்க ஒரு மனிதரைக் கொல்வது பேட்டரிக் கட்டுரைக்கு அதிகம். அவர் இருக்கிறார், தேறியும் வருகிறார். ஆனால் மகள் தொலைபேசியில், அப்பா எந்திரிச்சு நின்னாரே, அந்தப் படம் எப்போ அனுப்புவீங்க என்று கேட்டாள். அப்படி ஒரு படமே இல்லை என்று நாத்தனார் சொல்ல வேண்டியதாயிற்று.

அன்று வீட்டில் அவள் சத்தம் போடவில்லை. காபி குடித்து முடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள்:

"இனிமே பேட்டரிய நான் பாத்துக்கறேன், அண்ணி."

திட்டியிருந்தால் அண்ணி திருப்பித் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், ராத்திரிச் சாப்பாட்டுக்குள் சரியாகியிருக்கும். இதற்குச் சரிம்மா என்றாள். பையை எடுத்துக் கொடுத்தாள்.

4

இதுவரை படித்த பொறுப்பாசிரியை, அந்த அம்மா சார்ஜ் போட மறந்திருப்பாங்க, அவ்வளவுதானே என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. எழுதுகிறவர்களுக்குத் தாங்கள் உண்டாக்கிய ஆள்மீது பாசம் வந்துவிடும், அப்புறம் கண் தெரியாது. அதனால் கதைக்குள் பின்னோக்கிப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.

மறக்கவில்லை. மூன்று செட்டையும் முழுக்க ஏற்றியிருந்தாள், அதுவும் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னதாகவே. கல்யாண வாரம் வந்துவிட்டால் நிற்க நேரமிருக்காது என்று முன்கூட்டியே ஏற்றி, டப்பாவில் அடுக்கி, பையில் போட்டு, ஜிப்பை இழுத்து வைத்துவிட்டாள். பொறுப்பான ஆள் செய்கிற காரியம் அது. கோளாறும் அங்கேதான் இருந்தது.

கல்யாணத்துக்கு மறுநாள், பையை ஒப்படைப்பதற்கு முன்னால், ரோஸ் பொட்டு செட்டை எடுத்து ஃப்ளாஷில் போட்டுப் பார்த்தாள். அது மண்டபத்தில் பையை விட்டே வெளியே வராதது. ஃப்ளாஷ் நெடுநேரம் முனகி, ஒரே ஒருமுறை மினுங்கி ஓய்ந்தது. ஏற்றி வைத்த பேட்டரி, ஒரு வேலையும் செய்யாமல், டப்பாவுக்குள் கிடந்தே காலியாகியிருந்தது. ஏன் என்று அன்றே கைபேசியில் தேடிப் படித்தும் விட்டாள்.

[பக்கக் குறிப்பு: ரீசார்ஜ் பேட்டரியில் இரண்டு வகை. மேலே கொள்ளளவு எண் பெரிதாகப் போட்டது நிறைய மின்சாரம் பிடிக்கும், ஆனால் சும்மா வைத்திருந்தாலே இறங்கும். பழசாகப் பழசாக இன்னும் வேகமாக இறங்கும். எண் கொஞ்சம் சிறியதாக, சார்ஜ் செய்த நிலையிலேயே விற்பனைக்கு வருவது இன்னொரு வகை. அது மாதக்கணக்கில் தாங்கும். எல்லோரும் பெரிய எண்ணைத்தான் வாங்குகிறார்கள்.]

அந்தப் பெரிய எண்ணைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தது நாத்தனார். இதுக்கு மேல நம்பரே கிடையாது அண்ணி, என்று மேஜைமேல் பெருமையாகக் கொட்டியவள் அவள்தான்.

5

அண்ணி ஏன் உடனே சொல்லவில்லை?

சொன்னால் நாத்தனாரின் முகம் வாடிவிடும், ஏற்கெனவே நொந்து போயிருக்கிறாள் என்பது ஒரு காரணம். இது அழகான காரணம். இதோடு நிறுத்தி அண்ணியைத் தங்கமான மனுஷியாக விட்டுவிட எனக்கு ஆசைதான்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. நாத்தனார் சார்ஜரில் பேட்டரியைத் தப்பும் தவறுமாகச் செருகுவதை அண்ணி சோபாவில் உட்கார்ந்து பார்த்தாள். சிவப்பும் பச்சையும் கலந்து கிடந்தன. அவள் வாயே திறக்கவில்லை. யார் தப்பு என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது என்று உள்ளே ஒரு சின்னக் குஷி ஓடிக்கொண்டிருந்தது. அதற்காக அவள் வெட்கப்பட்டாள், விடவும் இல்லை. இதை எழுதாமல் விட்டால் அவள் பொம்மையாகிப் போவாள்.

6

அடுத்த விழாவுக்குப் புது பேட்டரி வேண்டியிருந்தது. நாத்தனாருக்குப் படங்களைத் திருத்தும் வேலை கழுத்து வரை. அண்ணியைக் கூப்பிட்டு, கடைக்குப் போய் வாங்கிட்டு வந்துடறீங்களா, பெரிய நம்பரா பாத்து வாங்குங்க, கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன், நீங்க எடுத்துட்டு வந்தா போதும் என்றாள். அந்த 'எடுத்துட்டு வந்தா போதும்' அண்ணிக்குச் சுருக்கென்றது.

கடைக்காரர் பொட்டலத்தைத் தயாராகக் கட்டி வைத்திருந்தார். பேட்டரிமேல் போட்டிருந்த எண் இரண்டாயிரத்து எழுநூறு. கூடவே அரை மணி நேரத்தில் ஏற்றிவிடும் சார்ஜர். தொட்டால் சுடும், பேட்டரியின் ஆயுளும் சீக்கிரம் தீரும், அதை அவர் சொல்லவில்லை. அண்ணி பொட்டலத்தைக் கையில் எடுத்து எண்ணைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் எனக்கு மூன்று வழிகள் தெரிந்தன. அதையே வாங்கிக்கொண்டு போகலாம், மறுபடி ஒரு விழா இருண்டு போகும், இந்தத் தடவை பழி நாத்தனார் தலையில். அந்தக் குஷிக்கு அதுதான் தீனி. அல்லது கமுக்கமாகத் தனக்கென்று ஒரு நல்ல செட்டு வாங்கி ஒளித்து வைத்து, ஆபத்து நேரத்தில் நீட்டிக் கைதட்டல் வாங்கலாம். சினிமாக்காரர்களுக்குப் பிடிக்கும். எழுதிக்கூடப் பார்த்தேன், ஒன்றரைப் பக்கம். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணி மூன்றாவதைச் செய்தாள். இன்னொரு பெண் கறுப்புச் சதுரத்தைப் பார்ப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. இது வேண்டாம், இரண்டாயிரம் போட்டது கொடுங்க, அந்தத் தனித்தனியா ஏத்தற சார்ஜரும் கொடுங்க, மெதுவா ஏறினா ஏறட்டும் என்றாள். கடைக்காரர் உங்க நாத்தனார் வேற மாதிரி சொன்னாங்களே என்று இழுத்தார். நான் சொல்லிக்கறேன் என்றாள்.

சொல்லிக்கிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, என்ன சொல்வது என்று வீடு வரை யோசித்துக்கொண்டே நடந்தாள். ஏன் சின்ன நம்பர் என்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அதைச் சொன்னால் கல்யாணத்தன்று நடந்தது யாரால் என்பதும் கூடவே வெளியே வந்துவிடும். ஒன்றை மறைத்து இன்னொன்றைச் சொல்ல வழியே இல்லை.

7

நாத்தனார் பொட்டலத்தைப் பிரித்தாள். எண்ணைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, கம்மியா இருக்கு?"

"பெரிய நம்பர் சும்மா வச்சிருந்தாலே எறங்கிடும்மா. இது அப்படியே நிக்கும். மாசக்கணக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். நாத்தனார் முட்டாள் இல்லை. கையிலிருந்த பேட்டரியை மேஜைமேல் வைத்தாள். திரையில் பாதி திருத்திய ஒரு கல்யாணப் படம் அப்படியே நின்றது. அவள் மனதில் நாட்கள் பின்னோக்கிப் போவதை அண்ணி உட்கார்ந்து பார்த்தாள். அந்தச் சின்னக் குஷி இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. நாத்தனார் அழுதுவிடுவாளோ என்ற பயம் மட்டும் இருந்தது.

நாத்தனார் அழவில்லை. மெதுவாகக் கேட்டாள்:

"இது உங்களுக்கு எப்போ தெரியும், அண்ணி?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்பாள் என்றுதான் வசனம் தயார் செய்து வைத்திருந்தேன்.

பதில் இரண்டுதான். "இன்னிக்குத்தான், கடையில சொன்னாங்க" என்பது ஒன்று. அதை எழுதிப் பார்த்தேன். நாத்தனார் பேட்டரிப் பையை எடுத்து வந்து அண்ணியின் மடியில் வைத்தாள். எல்லாம் பழையபடி ஆயிற்று, அண்ணி மட்டும் அன்று முழுக்க அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கல்யாணத்துக்கு மறுநாளே தெரியும்" என்பது மற்றது. அதையும் எழுதினேன். அப்போ இத்தனை நாளா என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தீங்களா என்று நாத்தனார் கேட்டாள். பை மேஜையில் கிடந்தது. இரண்டு பேரும் இருட்டும்வரை பேசினார்கள், அதில் பாதி சண்டை.

எது நல்ல முடிவு என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் எடுத்துவிட்டேன். இந்த இடத்தில் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளலாம்:

" . . . . . . . . . . . . . . . . . . . . . . . ."

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். முகம் பார்ப்பது நாத்தனாருக்குத் தொழில். கேள்வியைக் கேட்டுவிட்டு, அவள் இப்போது அண்ணியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.