பாதி உப்பு

ரம்ஸியா நோன்புக் கஞ்சிக்குப் பாதி உப்புதான் போடுவாள். மீதி, எதிர்வீட்டு நாகஜோதி குடித்துப் பார்த்துச் சொன்ன பிறகு. பஹ்ரைனில், ஈசா டவுனில் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த முதல் ரமலானிலிருந்து இதுதான் வழக்கம். பிற்பகலில் அஸர் தொழுததும் எதிர்க்கதவைத் தட்டுவாள். பரமக்குடிக்காரி நாகஜோதி வந்து ஒரு கரண்டி குடித்துவிட்டுக் கண்ணை மூடி யோசிப்பாள். "அரைச் சிட்டிகை போடுங்க" என்பாள். இல்லையென்றால், "இன்னிக்கு உப்புல உங்க கை நீண்டுருச்சுக்கா, தண்ணி விடுங்க" என்பாள். மாலையில் ரம்ஸியா படிக்கட்டில் வைத்து விற்க, கட்டடமே கீழக்கரைக் கஞ்சி என்று கேட்டு வாங்கிப் போகும்.

லைசென்ஸ் இல்லாமல் படிக்கட்டில் விற்கக்கூடாது என்று கட்டடக்காரர் போன வாரம் கண்டித்துவிட்டார். தொடர்ந்து விற்க ஒரே வழி, வீட்டில் சமைத்து விற்கும் பெண்களுக்காக ஒரு மகளிர் சங்கம் திறந்திருந்த பொதுச் சமையற்கூடம். பெரிய அடுப்பு, குளிர் அறை, டப்பா மூடும் மிஷின், சங்கத்தின் பெயரில் லைசென்ஸ், சனிக்கிழமைச் சந்தையில் உள்ளூர்த் தோட்டக்காரர்களுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. ஓர் இடம்தான் காலி. பொறுப்பாளர் மர்ஜானா என்ற பஹ்ரைன் பெண்மணி. தனியாகத்தான் செய்கிறாயா என்று அவர் கேட்டபோது ரம்ஸியா ஆமாம் என்றிருந்தாள். இன்று நோன்பு திறக்கும் நேரத்தில் சங்கத்தார் குடித்துப் பார்ப்பதாக ஏற்பாடு.

அன்று கதவைத் திறந்த நாகஜோதி ஈரத் தலையும் திருநீறுமாக நின்றாள்.

"அக்கா, இன்னிக்கு சஷ்டி. இந்த வருஷத்துலருந்து விரதம். பச்சத் தண்ணி கூட இல்ல. நேத்தே சொல்லியிருக்கணும்."

ரம்ஸியாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அது சிரிப்பாக முடிந்தது. "அப்ப ரெண்டு வாயும் இன்னிக்குப் பூட்டிக் கெடக்கு."

"வாட்ச்மேன் பாயும் நோன்பு. எங்க வீட்டுக்காரரு தம்மாம்ல டூட்டி. நல்லா வெளங்கும் நம்ம பிசினஸ்."

நம்ம என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ரம்ஸியாவுக்கு அது எங்கோ தைத்தது.

கடையிலிருந்த கணவன் ஹஸ்னைனுக்குப் போன் போட்டாள். "நாக்கு நுனியில வச்சுத் துப்பிடு. நோன்பு முறியாது" என்றான். அது அவளுக்கும் தெரியும். மனம் ஒப்பாததால் இதுவரை செய்ததில்லை. இன்று செய்தாள். துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு நின்றாள். ஒன்றும் பிடிபடவில்லை. வறண்ட வாயில் வெந்தயமும் பூண்டும் உப்பும் ஒன்றாகவே இருந்தன. தினமும் குடிக்கிற கஞ்சிதான். ஆனால் நோன்பு திறக்கிற வாய்க்கு எதுவும் ருசிதான். தன் கஞ்சிக்கு எவ்வளவு உப்பு என்பது தனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை என்று இப்போதுதான் பட்டது. தனியாகத்தான் செய்கிறேன் என்று சொன்னபோது அது பொய்யாகத் தோன்றவில்லை. ஒரு வாய் குடித்துப் பார்ப்பது ஒரு வேலையா என்றுதான் நினைத்திருந்தாள்.

நாகஜோதி கரண்டியை எடுத்தாள். "குடுங்கக்கா. முருகனுக்கு அடுத்த சஷ்டி வரும். உங்களுக்கு இந்த இடம் திரும்ப வருமா?"

ரம்ஸியா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "வேணாம் ஜோதி." எதை வேண்டி இந்த விரதம் என்று ஜோதியிடம் கேட்டதே இல்லை. இப்போது கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது.

பாதி உப்போடு பானையும், தனியாகக் கிண்ணத்தில் உப்புமாக டாக்ஸியில் சமையற்கூடத்துக்குப் போனாள்.

பாங்கு சொன்னதும் மர்ஜானா பேரீச்சம்பழம் தின்றுவிட்டு ஒரு வாய் குடித்தார். "உப்பு எங்கே?" என்று இந்தியில் கேட்டார்.

"உப்புப் பார்க்கிறவளுக்கு இன்று விரதம்" என்று ரம்ஸியா தெரிந்த இந்தியில் சொன்னாள்.

"தனியாகச் செய்வதாகச் சொன்னாயே."

"தப்பாகச் சொல்லிவிட்டேன். நாங்கள் இரண்டு பேர். அவள் பெயர் நாகஜோதி."

மர்ஜானா கிண்ணத்திலிருந்து உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டு மிச்சக் கஞ்சியைக் குடித்து முடித்தார். "கஞ்சி நன்றாக இருக்கிறது. ஆனால் டப்பாவில் விற்றால் தினமும் ஒரே உப்பு வேண்டும். நாக்கு போதாது, கிராம் வேண்டும்." அலமாரியிலிருந்து சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்றை எடுத்து நீட்டினார். "இடத்தை ஒரு வாரம் யாருக்கும் கொடுக்க மாட்டேன். அளவோடு வா, அவளையும் கூட்டி வா. கலாஸ், அவ்வளவுதான்."

திரும்பும்போது டாக்ஸியில் ரம்ஸியாவுக்கு நிம்மதியாக இருந்தது. அளவு தெரிந்துவிட்டால் இனி யார் கதவையும் தட்ட வேண்டாம். அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது என்று புரிந்தபோது, மடியிலிருந்த தராசைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் நாகஜோதி ஒரு வாய் குடித்தாள். விரல்களில் எடுத்த உப்பைத் தராசில் வைத்து அளவைப் பார்த்துவிட்டுப் பானையில் போட்டாள். மறுபடி குடித்தாள்.

"இது தெரிஞ்சிட்டா அப்புறம் நான் எதுக்குக்கா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் நிமிரவில்லை.

"கூடத்துல ரெண்டு பேருன்னு சொல்லிட்டேன். உன் பேரச் சொல்லியாச்சு. வர்றதுல பாதி உனக்கு."

"என்னையக் கேக்காமலா?"

"இப்பக் கேக்குறேன்."

நாகஜோதி இன்னும் துளி உப்பைத் தராசில் வைத்தாள். எண் மாறியது. "இதக் குறிச்சுக்கங்க" என்றாள். பிறகு சொன்னாள்: "சஷ்டியன்னிக்கு மட்டும் எனக்கு லீவு. அத இப்பவே சொல்லிடுறேன்."

"அன்னிக்குத்தான் தராசு இருக்கே" என்றாள் ரம்ஸியா.