ஜன்னலோரத்து எதிரி

தையல்காரியின் முதுகில் ஒரு காய்ப்பு உண்டு. படுக்கையறைக் கதவின் கைப்பிடி கொடுத்த காய்ப்பு. கதவுக்குப் பின்னால் இருந்த மூலையில்தான் அவளுடைய மெஷின் கிடந்தது. யாராவது கதவைத் திறந்தால் கைப்பிடி முதுகில் இடிக்கும், கை நழுவும், நேராகப் போன தையல் கோணிக்கொண்டு போகும். பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டும். ஹாலிலோ வெளிச்சத்தைக் கொட்டுகிற பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. அதனடியில் மெஷினைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று எப்போது கேட்டாலும், லிஃப்ட் ரிப்பேர் செய்கிற அவள் புருஷனிடமிருந்து ஒரே பதில்தான் வரும்.

"ஹால்ல எங்க இருக்கு இடம்?"

எப்படி இருக்கும்? ஜன்னலை ஒட்டிய சுவரில் ஆறடி மீன்தொட்டி. அதற்கு எதிரே அவருடைய சாய்வு நாற்காலி. ஜன்னலடியில் வலை, வாளி, ரப்பர் குழாய், இரை டப்பாக்கள். பெண்டாட்டியானாலும் சரி, வந்த விருந்தாளியானாலும் சரி, சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் சமையலறைக்குப் போக வேண்டும்.

தொட்டிக்கு ராஜா, தாதா. ஜாகுவார் சிக்லிட் என்று அதன் ஜாதி. வெள்ளி உடம்பு, கறுப்புப் புள்ளி, எப்போதும் கடன்காரனைப் பார்த்த முகம். கூடப் போட்ட எதையும் அது வாழவிட்டதில்லை. இருந்தும் மனுஷர் ஒருநாள் அதே பருமனில் ஓர் ஆஸ்கர் மீனை வாங்கிக்கொண்டு வந்தார்.

"சின்னதாப் போட்டா முழுங்கிடும். சம அளவுல போட்டா தாதா யோசிக்கும்," என்றார்.

தாதா யோசிக்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் ஆஸ்கரின் வால் கந்தலாகி, அது ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது, பாவம்.

ஆனால் நம்மாள் சளைத்தவரா? யார் வீட்டு மீன் சண்டை போட்டாலும் இவருக்குத்தான் போன் வரும். அன்றைக்கும் நாற்காலியில் சாய்ந்தபடி யாருக்கோ போனில் உபதேசம் நடந்தது.

"சண்டை போடுறவனை முதல்ல வெளிய எடுங்க சார். கொஞ்ச நாள் வேற எடத்துல விடுங்க. அவன் இல்லாதப்போ கல்லு, கட்டை எல்லாத்தையும் எடம் மாத்துங்க. அப்புறம் வயிறு நெறைய இரை போட்டு, லைட்டை அணைச்சிட்டு, அவனைக் கடைசியா உள்ள விடுங்க. தன் எல்லை எதுன்னே அவனுக்குப் புரியாது. புதுசா வந்தவன் மாதிரி ஓரமா நிப்பான்."

சொன்னதைச் செய்தும் காட்டினார். தாதா குளியலறை டிரம்முக்குக் குடிபோனது. வீட்டில் எல்லோரும் அதன் முறைப்புக்கு முன்னால் கூச்சத்தோடு குளித்தார்கள். திரும்பித் தொட்டிக்குள் விட்டபோது, அடடா, தாதா திருதிருவென்று விழித்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றது.

கதவுக்குப் பின்னாலிருந்து, பல்லில் நூலைக் கடித்தபடி, தையல்காரி அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மீனுக்கு உண்டான வைத்தியம் மனுஷனுக்கு ஆகாதா என்ன? உடனே நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, உங்க தம்பியைக் கொஞ்ச நாள் அங்க வச்சிக்க முடியுமா?"

விஷயத்தைக் கேட்டு நாத்தனார் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. "அனுப்புடி! சின்ன வயசுலயே கட்டில் முழுக்க அவனுக்குத்தான் வேணும். நான் தரையில படுத்து வளந்தவ. தண்ணி மோட்டார் ரிப்பேர்னு சொல்லிக் கூப்பிடுறேன்."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் மாடிவீட்டு அம்மா துணைக்கு இறங்கி வந்தாள். தண்ணீரோடு தொட்டியை அசைக்க முடியாது, அது மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மற்றதெல்லாம் ஊர்வலம் போனது. சாய்வு நாற்காலி செருப்பு அலமாரிப் பக்கம் போயிற்று. வலையும் வாளியும் பால்கனிக்குப் போயின. ஜன்னலடியில், தொட்டிக்குப் பக்கத்தில், தையல் மெஷின் வந்து உட்கார்ந்தது.

அவர் திரும்பி வந்த சாயங்காலம், வாசலிலேயே மறித்து நேராகச் சமையலறைக்குக் கூட்டிப் போய், போதும் போதும் என்கிற வரை பரிமாறினாள். ஹாலில் லைட் இல்லை. சாப்பிட்டுவிட்டு ஹாலுக்குள் போனவர் பழக்கதோஷத்தில் நாற்காலி இருந்த இடத்தில் உட்காரப் போய், நல்லவேளை, சுவரைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு சுற்று, அப்படி ஒரு சுற்று. கடைசியில் செருப்பு அலமாரி ஓரமாகப் போய் நின்றார். தையல்காரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஆனால் மனுஷர் ஒன்றும் மக்கு இல்லை. மறுநாள் டீயை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தார்.

"வயிறு முட்டச் சோறு. ஹால்ல லைட் இல்ல. சாமானெல்லாம் எடம் மாறியிருக்கு. என்னை என்ன மீன்னு நெனச்சியா?"

"சேச்சே. மீனுக்குச் சொன்னாப் புரியும்."

"சிரிப்பா இருக்கா? ஞாயித்துக்கிழமை எல்லாம் பழையபடி போகணும். மெஷின் அதிர்ந்தா மீனுக்கு ஆகாது."

இந்த ஜன்னலடியில் உட்கார்ந்த பிறகுதான், கறுப்புத் துணியில் கறுப்பு நூல் அவள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது. ஞாயிறு வரைக்குமாவது அனுபவிப்போம் என்று வெறியோடு தைத்தாள்.

தொட்டியிலும் வைத்தியத்தின் வீரியம் குறைந்துகொண்டிருந்தது. தாதாவுக்குப் புதுக் கல்லும் கட்டையும் பழகிவிட்டன. மறுபடி ஆஸ்கரை விரட்ட ஆரம்பித்தது. சனிக்கிழமை அவள் தைத்துக்கொண்டிருந்தது ஒரு சிவப்பு கவுன். தைக்கத் தைக்க, துணி தொட்டிக் கண்ணாடி ஓரமாக வழிந்து ஆடியது. தாதா சட்டென்று ஆஸ்கரை விட்டுவிட்டுத் திரும்பியது. செவுளை விரித்துக்கொண்டு வந்து கண்ணாடியில் ஒரே முட்டு! பின்னாலேயே ஆஸ்கரும் வந்து ஒரு முட்டு. இரண்டும் பங்காளிகள் மாதிரி அக்கம்பக்கம் நின்று அவளை முறைத்தன.

"என்னையா முறைக்கிறீங்க? அவரை மொறைங்கடா!" என்று அவளும் பதிலுக்கு முறைத்துவிட்டுத் தையலைத் தொடர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாதி தைத்த சிவப்பு கவுன் தொங்க, மெஷினைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பாதி ஹால் தாண்டியிருக்க மாட்டார், பின்னால் தண்ணீர் சளார் என்று சிதறியது. தாதாவும் ஆஸ்கரும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தன. பதறிப்போய் மெஷினை மறுபடி ஜன்னலடியிலேயே வைத்தார். சிவப்புத் துணி கண்ணாடி ஓரம் அசைந்ததுதான் தாமதம், இரண்டும் பிடியை விட்டுவிட்டுத் துணிமேல் பாய்ந்தன. நகர்த்திப் பார்த்தார், சண்டை. திரும்ப வைத்தார், சமாதானம்.

மனுஷருக்கு வியர்த்துவிட்டது. "பொது எதிரி!" என்று முணுமுணுத்தார். "வெளிய ஒரு எதிரி இருந்தா அதுங்க ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடிச்சிக்காது. எனக்கு இது தோணவே இல்லையே! இந்தா, வந்து உக்காரு. தை."

தையல்காரி நகரவில்லை. கண்ணில் நீர் முட்டியது, ஆனால் குரல் உடையவில்லை. "இத்தனை வருஷம் பொண்டாட்டியா இருந்து கேட்டேன், எடம் இல்ல. மீனுக்கு எதிரின்னதும் எடம் வந்துடுச்சா?"

தொட்டிக்குள் தாதா மெல்ல ஆஸ்கர் பக்கம் திரும்பியது.

"ஐயோ, உக்காரும்மா!"

"யார் எடம் இது? சொல்லுங்க, உக்காருறேன்."

"உன் எடம்."

"கேக்கலங்க. மெஷின் சத்தம்."

மெஷின் ஓடவே இல்லை.

"இது உன் எடம்! இனிமே எப்பவும் உன் எடம்!"

அவர் போட்ட கூச்சலில் மாடிவீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. தையல்காரி நிதானமாக வந்து உட்கார்ந்தாள். மெஷினைத் தூக்கி இறக்கியதில் ஊசியிலிருந்து நூல் உருவியிருந்தது. அவரே குனிந்து, ஒரு கண்ணைத் தொட்டியின் மேல் வைத்துக்கொண்டு, கோத்துக் கொடுத்தார். மீனுக்காகவா தனக்காகவா என்று அவள் கேட்கவில்லை. துணியைச் சரிசெய்துகொண்டு மெஷினை மிதித்தாள்.